மேசை லாச்சிக்குள் கிடந்த கடிதம்

சுவிஸ் சிவில் சட்டக்கோவையின் 385ஆம் பிரிவு மூன்றே பந்திகள் கொண்டது. தானாக முடிவெடுக்கும் ஆற்றலை இழந்த ஒருவரின் நடமாட்டத்தை அவர் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லம் கட்டுப்படுத்தினால், அவரோ அவருக்கு நெருக்கமான ஒருவரோ எந்த நேரத்திலும் பாதுகாப்பு அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம் என்கிறது முதற்பந்தி. காலக்கெடு இல்லை. அந்தக் கட்டுப்பாடு சட்டத்துக்கு ஒத்துவராவிட்டால் அதிகாரசபை அதை மாற்றலாம், நீக்கலாம், தேவையானால் இல்லத்தைக் கண்காணிக்கும் அமைப்புக்கும் அறிவிக்க வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது பந்தி ஒற்றை வசனம்: அதிகாரசபையின் முடிவைக் கேட்டு எழுதப்படும் எந்த விண்ணப்பமும் தாமதமின்றி அதனிடம் அனுப்பப்பட வேண்டும்.

பல்கலைக்கழக விரிவுரைகளில் இந்த மூன்றாம் பந்திக்கு யாரும் நேரம் செலவழிப்பதில்லை. தபாற்காரருக்குச் சொல்லும் கட்டளைபோல இருக்கும். ஜெனீவாவில் ஒரு முதியவரின் இடுப்பிலிருந்து பட்டியை அவிழ்க்க வைத்தது இந்த வசனம்தான்.

2021ஆம் ஆண்டின் தொடக்கம். முகக்கவசம் அணிந்தபடி என் சட்ட அலுவலகத்துக்கு வந்த அக்கா ஐம்பதைக் கடந்தவர். பாடசாலைச் சமையலறை ஒன்றில் வேலை. கையில் ஒரு பத்திரிகையும் ஒரு பிளாஸ்டிக் உறையும் இருந்தன. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன். அவருடைய தகப்பனார் இருந்த இல்லத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை.

"தங்கச்சி, அப்பாவைக் கட்டி வைச்சிருக்கினம்" என்றார். கதிரையில் உட்காரும் முன்பே சொன்னார்.

தகப்பனார் வடமராட்சிக்காரர். வெங்காயமும் புகையிலையும் செய்தவர். பிள்ளைகளோடு சேர்ந்துகொள்ள ஜெனீவா வந்து, உணவகக் கிச்சின்களில் சில வருடங்கள் வேலை செய்து, ஓய்வு எடுத்து, பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிப்போய், பிறகு மறதி நோயில் விழுந்தவர். வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். இரவில் கதவைத் திறந்துகொண்டு வீதிக்கு இறங்கத் தொடங்கியதும், வைத்தியரின் சொல்லுக்கிணங்க முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். இங்கே அதை ஈ.எம்.எஸ். என்பார்கள். நம்மவர்களுக்குள் பெற்றோரை அங்கே சேர்ப்பதே ஒரு பழியாகப் பேசப்படும். அந்தப் பேச்சையும் சுமந்துகொண்டுதான் அந்தக் குடும்பம் கையெழுத்துப் போட்டது. முதற்தலைமுறையில் வந்தவர்கள் முதுமையடையும் காலம் இது. இப்படிக் கையெழுத்துப் போடும் தமிழ்க் குடும்பங்களை இனி நிறையவே பார்ப்போம் என்பதால்தான் இந்த வழக்கை எழுதுகிறேன்.

2020 வசந்தத்தில் கொரோனா வந்தது. இல்லங்களின் கதவுகள் அடைக்கப்பட்டன. பிறகு கொஞ்சம் திறந்தன, இலையுதிர் காலத்தில் இரண்டாம் அலை ஜெனீவாவை மோசமாகத் தாக்கியபோது திரும்பவும் இறுகின. சந்திப்புக்கு முன்பதிவு, மேசைக்கு நடுவில் கண்ணாடித் தடுப்பு, குறைந்த நேரம். தகப்பனார் எப்போதும் சக்கர நாற்காலியில் போர்வை மூடியபடியே கொண்டுவரப்பட்டார். நடந்து திரிந்த மனிதர் ஏன் நாற்காலிக்கு வந்தார் என்று கேட்டபோது, வயது என்றார்கள். ஒருநாள் சட்டை மாற்றிவிட அனுமதி கேட்டுச் செய்தபோதுதான் இடுப்பைச் சுற்றி, எலும்பு முட்டும் இடங்களில் தோல் உரிந்து ஒரு கருஞ்சிவப்புக் கோடு தெரிந்தது.

அவர் முதலில் தாதியிடம் சொன்னார். மேலிடத்துக்குச் சொல்கிறேன் என்றார் தாதி. மாடிப் பொறுப்பாளரிடம் சொன்னார். அவரும் அதையே சொன்னார். பிறகு மகனை இருத்தி, பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதுவித்து, இயக்குநரின் செயலாளர் கையில் கொடுத்தார். அந்தக் கடிதத்தின் பிரதிதான் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. பதினாறு வயதுப் பையனின் எழுத்து. அம்மப்பாவின் இடுப்பில் காயம் இருக்கிறது, ஏன் கட்டுகிறீர்கள், யார் சொன்னது, எப்போது அவிழ்ப்பீர்கள் என்று வரிசையாகக் கேட்டிருந்தான். கடைசி வரி இப்படி முடிந்தது: நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் நீதிபதி பார்த்து முடிவு சொல்லட்டும்.

கொடுத்து ஒன்பது கிழமை ஆகியிருந்தது. இடையில் ஒரு பதில் வந்திருந்தது. மரியாதையான பதில். உங்கள் கவலையைப் புரிந்துகொள்கிறோம், தகப்பனாரின் பாதுகாப்பே எங்கள் முதற்கடமை, உங்கள் கருத்து உரிய இடத்தில் கவனத்தில் எடுக்கப்படும். கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கும் அதில் விடை இல்லை. என் அனுபவத்தில், கோபமாக வரும் பதிலைவிட இத்தகைய பதிலே அதிகம் சேதம் செய்கிறது. முறைப்பாடு செய்தவர் இனி என்ன செய்வது என்று தெரியாமல் அடங்கிப்போகிறார். எழுதியவர் வேலை முடிந்தது என்று கோப்பை மூடுகிறார். இடையில் இடுப்பில் பட்டி அப்படியே இருக்கிறது.

அவரை என்னிடம் வரவைத்தது பத்திரிகைதான். அந்த ஜனவரியில் ஜெனீவா முழுக்க மான்சி பற்றியே பேச்சு. ஏரியின் இடதுகரையில் கொலோஞ்ச்-பெல்ரிவ் பகுதியில் இருந்த மான்சி விடுதி, ஆட்டிசம் உள்ள பதின்வயதுப் பிள்ளைகளுக்காக 2018இல் திறக்கப்பட்டது. தனியார் நிறுவனம் அல்ல; கன்டோன் (மாநில) கல்வித் திணைக்களத்தின் கீழுள்ள மருத்துவ-கல்வி அலுவலகமே அதை நடத்தியது. பேசத் தெரியாத, அல்லது மிகக் குறைவாகப் பேசும் பிள்ளைகள். அங்கே பிள்ளைகள் தவறாக நடத்தப்பட்டார்கள் என்ற சந்தேகங்களை ஹைதி.நியூஸ் இணைய இதழும் ல தொம் நாளிதழும் 2021 ஜனவரியில் வெளிக்கொணர்ந்தன. வைத்தியர் எழுதிக்கொடுக்காத மருந்தை ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததாகவும் குற்றச்சாட்டு வந்தது. குற்றவியல் விசாரணை, நிர்வாக விசாரணை, பாராளுமன்றக் குழுவின் விசாரணை என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. திணைக்களத்துக்குப் பொறுப்பாக இருந்த அன் எமெரி-தோரசிந்தா கடும் விமர்சனத்துக்கு உள்ளானார். விடுதியின் நிர்வாகம் பின்னர் கன்டோனின் இன்னொரு பொது நிறுவனத்துக்குக் கைமாறியது.

குற்றம் யாருடையது என்பதற்குள் நான் போகவில்லை. முறைப்பாடுகளைக் கையாள்பவர்களுக்கு மான்சியில் படிக்க வேண்டியது வேறொன்று. செய்தி வெளியாகும் முன்பே பெற்றோரும் ஊழியர்களும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கைகள் மேலே போயின. மேலே போகும் வழியில் மெலிந்தன. பழிக்குப் பயந்து யாரோ ஒளித்தார்கள் என்று எல்லா இடத்திலும் நினைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு மேசையிலும் இருந்தவர் தன் மேசைக்கு வந்த துண்டை மட்டும் பார்த்தால், அதுவே போதும். பிள்ளைக்கு நடந்தது முழுதாக ஒருவருக்கும் தெரியாமலே போய்விடும்.

"பேசத் தெரியாத பிள்ளையளுக்கே இப்பிடியெண்டா, பிரெஞ்சு மறந்த மனிசனுக்கு ஆர் இருக்கினம்?" என்று அக்கா கேட்டார். மறதி நோயில் பிந்திக் கற்ற மொழி முந்திப் போவது அடிக்கடி நடப்பது. அவருடைய தகப்பனாருக்குப் பிரெஞ்சு போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

முதலில் அவருக்கு இருந்த வழிகளைச் சொன்னேன். குற்றவியல் முறைப்பாடு செய்யலாம். பாதிக்கப்பட்டவர் கேட்டால்தான் தொடரும் குற்றங்களுக்கு, செய்தவர் யாரென்று தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதம் அவகாசம். நட்டஈடு கேட்கலாம். அல்லது 385ஆம் பிரிவின் கீழ் பாதுகாப்பு மன்றுக்குப் போகலாம். ஜெனீவாவில் அந்த அதிகாரசபை ஒரு நீதிமன்றமாகவே இயங்குகிறது. ஒரு நீதிபதியும், உளவியல், சமூகப்பணி போன்ற துறைகளிலிருந்து வரும் இரண்டு உறுப்பினர்களும் அமர்வார்கள்.

"எனக்கு அவையளை மறியலுக்கு அனுப்ப வேண்டாம் தங்கச்சி. அப்பாவை அவிட்டு விட்டாக் காணும்."

அந்த ஒரு வசனம் வழக்கின் பாதையைத் தீர்மானித்தது. நான் இல்லத்திடம் இரண்டு ஆவணங்கள் கேட்டேன். ஒன்று, 382ஆம் பிரிவு கட்டாயமாக்கும் எழுத்திலான பராமரிப்பு ஒப்பந்தம்: என்ன சேவை, என்ன கட்டணம். அது ஒழுங்காகவே இருந்தது. மற்றது, 384ஆம் பிரிவு கேட்கும் பதிவேடு. ஒருவரைக் கட்டுப்படுத்தினால் யார் பணித்தார், எதற்காக, எவ்வகையில், எவ்வளவு காலத்துக்கு என்று எழுதிவைக்க வேண்டும். அவருக்காக மருத்துவ விடயங்களில் முடிவெடுக்கும் உரிமையுள்ளவருக்கு அறிவிக்க வேண்டும்; அவர் எப்போது கேட்டாலும் அதைக் காட்டவேண்டும். மனைவி இல்லாத நிலையில், முறையாக வந்து பார்த்துப் பராமரித்த மகளுக்கு 378ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. அவருக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை.

வந்தது ஒரே ஒரு தாள். இப்போதும் அது கண்முன் நிற்கிறது. வகை என்ற கட்டத்தில் 'அரைப்பட்டி, நாற்காலியிலும் கட்டிலிலும்'. நோக்கம் என்ற கட்டத்தில் 'பாதுகாப்பு'. காலம் என்ற கட்டத்தில் 'தொடர்ச்சியாக'. மீளாய்வுத் திகதிக்கான கட்டங்கள் ஆறும் வெறுமை. கீழே யாருடையதென்று வாசிக்க முடியாத கையொப்பம். 383ஆம் பிரிவு எழுதியிருப்பதை அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இலகுவான வழிகள் போதாது என்று தெரிந்த பிறகுதான் கட்டுப்படுத்தலாம். உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து இருக்கவேண்டும், அல்லது கூட்டு வாழ்க்கை கடுமையாகக் குலைய வேண்டும். அவசரம் தவிர்ந்த வேளைகளில், கட்டும் முன் என்ன செய்யப்போகிறோம், ஏன், எவ்வளவு நேரம், அந்நேரம் யார் கவனிப்பார் என்று அவரிடமே விளக்க வேண்டும். முடிந்தவரை விரைவில் நீக்க வேண்டும். ஒழுங்கான இடைவெளிகளில் மீளாய்வு செய்ய வேண்டும்.

அந்த இல்லத்தின் இயக்குநர் கொடூரமான மனிதர் அல்லர். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இத்தகைய வழக்குகளில் கொடியவரைத் தேடிப் போனால் ஒன்றும் கிடைக்காது. அவர் என்னிடம் சொன்னது நியாயமான கேள்வி: "அவர் இருமுறை விழுந்தார். மூன்றாம் முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் இதே மகள் எங்கள்மேல் வழக்குப் போடமாட்டாரா?" போடலாம். கவனக்குறைவால் விழவிட்டாலும் இல்லம் பொறுப்பு. இரவில் மூன்று மாடிக்கு இரண்டு பேர்தான் வேலை. இரண்டாம் அலையில் ஊழியர்களே நோயில் விழுந்திருந்தார்கள். பட்டி அந்தக் கிழமைகளில்தான் போடப்பட்டது. முதல் இரவில் அதைப் போட்டவரை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் அதன்பின் பதினொரு கிழமை அந்தப் பட்டி யாருடைய முடிவும் இல்லாமல் இடுப்பில் இருந்தது. கட்டிவைத்த மனிதர் விழாமல் இருக்கலாம். அவருடைய கால்தசை கரையும், தோல் புண்ணாகும், பட்டிக்குள் சறுக்கினால் மூச்சுத் திணறும். அவிழ்க்கும் நாளில் அவர் முன்னைவிட இலகுவாக விழுவார். பராமரிப்புக் கடமை என்பதை விழாமல் பார்த்துக்கொள்வது என்று சுருக்கினால், சாகும்வரை எல்லோரையும் கட்டிலோடு கட்டிவிடலாம்.

கட்டப்பட்ட மனிதர் என்று கேட்டாலே தமிழராகிய எங்களுக்கு ஏர்வாடி நினைவுக்கு வராமல் போகாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓடித் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இந்திய உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்தது; மனநோயாளிகளைச் சங்கிலியிடுவது சட்டவிரோதம் என்பதை மக்களுக்கு எடுத்துச்சொல்லும்படி 2002இல் அரசுகளைப் பணித்தது. ஜெனீவாவின் சுத்தமான அறையில் மெத்தென்ற பட்டியும் ஏர்வாடிச் சங்கிலியும் ஒன்றல்ல. ஆனால் அங்கேயும் சங்கிலி ஒளித்துவைக்கப்படவில்லை. அங்குள்ள தர்காவுக்கு வந்துபோன எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

மன்றுக்கு எழுதும்போது நான் சிறுவனின் கடைசி வரியை முதலில் வைத்தேன். நீதிபதி முடிவு சொல்லட்டும் என்று அவன் எழுதிய கணத்திலேயே அந்தக் கடிதம் 385ஆம் பிரிவின் மூன்றாம் பந்திக்குள் வந்துவிட்டது. சட்டத்தின் பெயர் தெரியாமல் எழுதியிருந்தாலும் அது நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய விண்ணப்பம். வாங்கியவர் அதைத் தன் லாச்சிக்குள் வைக்க உரிமையில்லை. இல்லத்தரப்பு அதைக் குடும்பத்தின் உள்முறைப்பாடாகவே எடுத்துக்கொண்டதாகச் சொன்னது. ஒரு பிள்ளையின் பேச்சுவழக்கை நீதிமன்ற விண்ணப்பமாக எப்படிக் கொள்வது என்றும் கேட்டது. முறையிடுபவர் சட்டமொழியில் எழுதினால்தான் செல்லும் என்றால், அந்தப் பந்தி யாருக்காக எழுதப்பட்டது என்று நான் கேட்டேன். முதியவருக்கு நான் வழக்குப் பேசவில்லை. அவருக்கென்று மன்று தனியாக இன்னொரு சட்டத்தரணியை நியமித்தது. நல்ல நடைமுறை. பிள்ளைகளின் விருப்பமும் தகப்பனின் நலனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

வழக்கைத் திருப்பியது இரவுக் குறிப்பேடு. பதிவேட்டோடு சேர்த்து அதையும் கேட்டிருந்தேன். பக்கம் பக்கமாக ஒரே விதம்: 4.10, அமைதியின்மை. 4.25, எழுந்து வெளியே போகப் பார்க்கிறார். 4.05, சத்தம், பட்டி இறுக்கப்பட்டது. அக்காவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். மூன்றாவது பக்கத்தில் கையைப் பிடித்தார்.

"அது இறைப்பு நேரம் தங்கச்சி. விடிய முதல் வெங்காயத்துக்குத் தண்ணி விடவேணும். அப்பா நாலு மணிக்கு எழும்பாத நாள் எங்கட வீட்டிலை இல்லை."

நாற்பது வருடம் கிணற்றடியில் நின்ற உடம்பு அந்த நேரத்துக்கு எழுந்திருக்கிறது. இல்லத்தில் ஒருவருக்கும் அது தெரிய வழியில்லை. கேட்டிருந்தால் மகள் ஒரே வசனத்தில் சொல்லியிருப்பார். சேர்க்கும்போது வாழ்க்கை வரலாறு கேட்கும் படிவம் ஒன்று இருந்தது. தொழில் என்ற இடத்தில் 'உணவக உதவியாளர்' என்று எழுதி முடித்திருந்தார்கள்.

இன்னொன்றையும் அந்தக் குறிப்பேடு காட்டியது. எல்லா இரவும் அப்படி இல்லை. சில இரவுகளில் 'எழுந்தார், திரும்பப் படுத்தார், உறங்கினார்' என்று மட்டும் இருந்தது. அவை எல்லாம் ஒரே ஊழியரின் முறை இரவுகள். அவர் ஒரு தமிழ்ப் பெண், பராமரிப்பு உதவியாளர். அவரை அக்காவுக்குத் தெரியும். அவர் முதியவரின் கட்டிலருகே போய், "ஐயா, இராத்திரி நல்ல மழை. இண்டைக்கு இறைப்பு இல்லை, படுங்கோ" என்று சொல்வாராம். தகப்பனார் யன்னலைப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுவாராம். பட்டி போடத் தேவை வந்ததில்லை. மறதி நோயாளியிடம் இல்லாத மழையைச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். பட்டிக்கும் மழைக்கும் நடுவே தெரிவு என்றால் நான் மழையின் பக்கம்.

அவரைச் சாட்சியாகக் கூப்பிடலாமா என்பதுதான் இந்த வழக்கில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. இல்லத்துக்குள் நடப்பதை உண்மையில் அறிந்தவர்கள் ஊழியர்கள். வெளியே சொன்னால் இழக்க அதிகம் உள்ளவர்களும் அவர்களே. பெர்லினில் பிரிகித்தே ஹைனிஷ் என்ற முதியோர் பராமரிப்புத் தாதி, ஆட்பற்றாக்குறையால் முதியவர்கள் அடிப்படைக் கவனிப்பின்றிக் கிடக்கிறார்கள் என்று நிர்வாகத்துக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். பயனில்லாமல் 2004 டிசம்பரில் குற்றவியல் முறைப்பாடு செய்தார். 2005இல் வேலை போனது. ஜெர்மன் நீதிமன்றங்களில் முடிவில் தோற்றார். 2011 ஜூலை 21இல் ஸ்த்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் அவருடைய கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது, ஆறு வருடம் கழித்து. சுவிட்சர்லாந்தில் தனியார் துறையில் தவறைச் சுட்டிக்காட்டியதற்காகப் பணிநீக்கப்பட்டவருக்கு அதிகபட்சம் ஆறு மாதச் சம்பளம் நட்டஈடாகக் கிடைக்கலாம். வேலை திரும்பக் கிடைக்காது. இப்படித் தவறைச் சுட்டிக்காட்டுவோரின் பாதுகாப்பைச் சீர்படுத்தும் சட்டவரைவைப் பாராளுமன்றம் 2020 மார்ச்சில் நிராகரித்தது. அந்தத் தமிழ்ப் பெண் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேலையை நம்பியிருந்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

ஆகவே நான் அவரைக் கூப்பிடவில்லை. குறிப்பேட்டிலிருந்து இரவுகளை இரண்டு நிரல்களாகப் பிரித்து மன்றுக்குக் கொடுத்தேன்: பட்டி தேவைப்பட்ட இரவுகள், தேவைப்படாத இரவுகள். பெயர் எதுவும் எழுதவில்லை. இலகுவான வழி போதும் என்று இல்லத்தின் சொந்தக் கையெழுத்தே சொல்லிக்கொண்டிருந்தது. 383ஆம் பிரிவுக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நீதிபதியும் ஓர் உறுப்பினரும் இல்லத்துக்கே வந்தார்கள். பட்டியைப் பிடித்துப் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பாளர் மூலம் முதியவரிடம் பேச முயன்றார்கள். அவர் நீதிபதியின் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்; பிறகு, தம்பி எந்த ஊர் என்று கேட்டார். உறுப்பினராக வந்தவர் உளவியலாளர். அவர் இயக்குநரிடம் கேட்டது ஒரே கேள்வி: "இந்தப் பட்டி இன்னும் தேவையா என்று கடைசியாக எப்போது பேசினீர்கள்?" நீண்ட நேரம் பதில் வரவில்லை. பிறகு இயக்குநர், பேசவில்லை என்றார். அந்த நேர்மைக்கு நான் அவரை மதிக்கிறேன்.

முடிவில் மன்று பட்டியை நீக்கியது. கட்டிலைத் தாழ்த்தவும், கால் வைத்தால் ஊழியருக்கு அறிவிக்கும் உணர்விரிப்பைப் போடவும், பகலில் நடைப்பயிற்சி கொடுக்கவும் இல்லம் ஒப்புக்கொண்டது. இரவு மருந்தின் அளவு மகளின் சம்மதமின்றிக் கூட்டப்பட்டிருந்தது. அது சிகிச்சை முடிவு, அவரிடம் கேட்கப்பட வேண்டியது என்று மன்று குறிப்பிட்டது. கடிதத்தை அனுப்பாமல் வைத்திருந்தது மூன்றாம் பந்திக்கு முரண் என்றும் எழுதியது. கண்காணிக்கும் கன்டோன் அமைப்புக்கு அறிவித்தது.

கடிதம் பற்றிய அந்த வரியைச் சிலர் சிறு விடயமாக நினைப்பார்கள். சுவிட்சர்லாந்தின் வரலாறு தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். இந்த நாட்டில் 1981 வரை, குற்றம் எதுவும் செய்யாதவர்களை நிர்வாக உத்தரவு ஒன்றினாலேயே நிறுவனங்களில் அடைக்க முடிந்தது. ஏழைகள், மணமாகாத தாய்மார், வேலைக்கு அஞ்சுபவர் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். இருபதாம் நூற்றாண்டில் குறைந்தது 60,000 பேர் இப்படி அடைக்கப்பட்டார்கள் என்று கூட்டாட்சி அரசு நியமித்த சுயாதீன நிபுணர் குழு 2019இல் முடித்த ஆய்வில் மதிப்பிட்டது. பிள்ளைகளைப் பண்ணைகளிலும் விடுதிகளிலும் ஒப்படைத்த கதை அதோடு சேர்ந்தது. 2013 ஏப்ரல் 11இல் நீதி அமைச்சர் சிமோனெத்தா சொமாருகா பேர்ன் நகரில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஆளுக்கு 25,000 பிராங் கொடுக்க வழி செய்தது. அவர்களில் பலர் அந்தக் காலத்திலேயே முறையிட்டிருந்தார்கள். நிறுவனத் தலைவரின் கையைத் தாண்டி ஒரு காகிதம் வெளியே போகாத இடத்தில் முறையிடும் உரிமை இருந்தும் இல்லாததே. 2013 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த புதிய பாதுகாப்புச் சட்டம், கடிதத்தைத் தாமதமின்றி அனுப்பு என்று தனியாக ஒரு பந்தி எழுதியதை நான் அந்த வரலாற்றோடு சேர்த்தே வாசிக்கிறேன்.

பட்டி அவிழ்த்த பிறகு முதியவர் ஒருமுறை விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு. அன்று மாலையே இல்லத்திலிருந்து மகளுக்குத் தொலைபேசி எடுத்தார்கள், பதிவேட்டில் எழுதினார்கள். அக்கா எனக்குச் செய்தி அனுப்பினார், வழக்குக்காக அல்ல, தெரிந்திருக்கட்டும் என்று. விழுவார் என்று தெரிந்துதான் அவிழ்க்கச் சொன்னோம்.

அந்த வருடக் கடைசியில் அக்கா இன்னொரு கடிதம் எழுதினார். தகப்பனாருக்குப் பின்னேரச் சாப்பாடு ஐந்தரைக்கே கொடுக்கிறார்கள், விடியும்வரை பசியோடு இருக்கிறார் என்று. இம்முறை மகன் எழுதவில்லை, தானே எழுதினார், பிழைகளோடு. வாங்கிய செயலாளர் திகதி முத்திரை குத்திப் பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கிழமைக்குள் பதில் வந்தது: சாப்பாட்டு நேரத்தை மாற்ற முடியாது, கிச்சின் ஊழியர்களின் வேலைநேரம் அப்படி, இரவு எட்டு மணிக்குப் பாலும் விசுக்கோத்தும் கொடுக்கிறோம், நாலு மணிக்கு எழும்பினால் இரவு ஊழியர் தேநீர் போட்டுக் கொடுப்பார். கீழே பெயரும் வாசிக்கக்கூடிய கையொப்பமும், அடுத்த மீளாய்வுக்கு ஒரு திகதியும்.